பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி.: நகரத்தின் தண்ணீர்ப் பங்கை அளப்பது எப்படி, சட்டப்படி மாற்றுவது எப்படி?

டெல்டா பகுதிகளில் சம்பா பயிற்சி வகுப்புகளுக்குப் போனால், விதை நேர்த்தி, களை, உரம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஐயா, நமக்கு 192 டி.எம்.சி. என்று தீர்ப்பு வந்தது. பிறகு அது 177 ஆகிவிட்டது. நடுவில் போன தண்ணீர் எங்கே போச்சு?" சுருக்கமான பதில்: அதில் ஒரு பகுதி பெங்களூருவின் குடிநீருக்குப் போனது. ஆனால் விவரம் அத்தனை சுருக்கமானதல்ல. ஒரு நகரத்தின் தண்ணீர்ப் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதை யார் மாற்றலாம், எந்த வழியில் மாற்றலாம் என்பது தெரிந்தால்தான் இனி வரும் பேச்சுகளை உழவர்கள் புரிந்துகொண்டு கவனிக்க முடியும். உங்கள் ஊருக்குப் பக்கத்து நகராட்சி ஆற்றில் உறைகிணறு இறக்க வரும்போதும் இதே கணக்குதான் உதவும்.

முதலில் அளவைகள்

நமக்குப் பழக்கமானது கனஅடி. மதகில் வினாடிக்கு எத்தனை கனஅடி போகிறது என்று பேசுவோம். அணையில் டி.எம்.சி. என்று பேசுவோம். நகராட்சிக்காரர்கள் எம்.எல்.டி. என்று பேசுவார்கள், அதாவது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். மூன்று பேரும் மூன்று மொழியில் பேசினால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது யாருக்கும் விளங்காது.

வினாடிக்கு 1 கனஅடி என்பது 28.3 லிட்டர். அது ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர், அதாவது 2.45 எம்.எல்.டி. திருப்பிச் சொன்னால் 1 எம்.எல்.டி. என்பது 0.41 கனஅடி. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. அது 2,831 கோடி லிட்டருக்குச் சற்றே அதிகம். நெல்லுக்குப் பருவம் முழுக்க 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வாய்க்கால் கசிவைக் கழிக்காமல் 1 டி.எம்.சி.யில் சுமார் 5,800 ஏக்கர் விளையும். இந்த நான்கு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெங்களூருக்கு வருவோம். காவிரியிலிருந்து அந்த நகரத்துக்கு முதல் நான்கு கட்டத் திட்டங்களில் வரும் தண்ணீர் 1,450 எம்.எல்.டி. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டம் 775 எம்.எல்.டி. இரண்டும் சேர்ந்து 2,225. நம் கணக்கில் சுமார் 909 கனஅடி, இரவு பகலாக, கோடை மழை என்று பாராமல். ஆண்டுக்கு 28.7 டி.எம்.சி. "அடேயப்பா, 4.75 என்று சொல்லிவிட்டு 28 எடுக்கிறார்களே" என்று உடனே கோபம் வரும். பொறுங்கள். எண்கள் தவறில்லை. அளக்கும் முறைதான் வேறு.

எடுத்த தண்ணீரும் செலவான தண்ணீரும்

உங்கள் வயலுக்கு வாய்க்காலிலிருந்து நூறு பங்கு தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். பயிர் உறிஞ்சி ஆவியாக்குவது ஒரு பகுதி. மீதி வடிகாலில் இறங்கி அடுத்த வாய்க்காலுக்குப் போகும், அல்லது மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறும். ஆற்றைப் பொறுத்தவரை உண்மையில் "போன" தண்ணீர் எது? திரும்பி வராத பகுதி மட்டும்தான்.

நகரமும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குக் குழாயில் வருவதில் குடிப்பதும் சமைப்பதும் சொற்பம். குளிப்பதும், துவைப்பதும், கழிப்பறையும்தான் பெரும்பங்கு. அவை சாக்கடையாகத் திரும்பி வெளியே வருகின்றன. இதை வைத்துத்தான் காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில் ஒரு விதி வகுத்தது. குடிநீருக்கும் நகரத் தேவைக்கும் ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ கால்வாயிலிருந்தோ எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதம் மட்டுமே செலவானதாகக் கணக்கில் வரும். தொழிற்சாலைகளுக்கு இன்னும் குறைவு, 2.5 சதவீதம். மீதி ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது என்பது அனுமானம்.

ஆகவே பெங்களூருவுக்குக் கூடுதலாகக் கிடைத்த 4.75 டி.எம்.சி. என்பது செலவாகும் தண்ணீர். அதை ஐந்தால் பெருக்கினால் 23.75 டி.எம்.சி. அத்தனையையும் ஆற்றிலிருந்து கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் உள்ளடக்கம். செய்தித்தாளில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

பங்கு மாறிய கதை

நடுவர் மன்றம் 1990 ஜூன் 2-ஆம் தேதி அமைக்கப்பட்டது. 17 ஆண்டு விசாரணைக்குப் பின், சராசரி ஆண்டில் காவிரியில் 740 டி.எம்.சி. கிடைக்கும் என்று கொண்டு பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4. இதில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் நமக்கு அளந்து விடவேண்டியது 192.

பெங்களூருவின் தேவையைக் கணக்கிடும்போது நடுவர் மன்றம் இரண்டு வெட்டு வெட்டியது. அந்த நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகைக்குள் இருக்கிறது, மீதி தென்பெண்ணைப் பக்கம் சரிகிறது, ஆகவே படுகைக்குள் உள்ள பகுதிக்கு மட்டும் தண்ணீர் என்றது. அடுத்து, தேவையில் பாதி நிலத்தடி நீரிலிருந்து கிடைக்கும் என்று கழித்தது. இப்படிக் கழித்த பிறகு கர்நாடகத்தின் குடிநீர்க் கணக்கில் செலவு நீராக 1.75 டி.எம்.சி. நின்றது.

இரு மாநிலங்களும் கேரளமும் உச்ச நீதிமன்றம் போயின. நதிநீர்த் தகராறில் நீதிமன்றம் தலையிட முடியுமா என்பதே முதல் கேள்வி. அரசியல் சட்டத்தின் 262-ஆவது பிரிவும், 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்த் தகராறு சட்டமும் நீதிமன்றங்களை விலக்கி வைக்கின்றன. ஆனாலும் நடுவர் மன்றத் தீர்ப்பின் மேல் வரும் மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொல்லிவிட்டது.

2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பு வந்தது. படுகை எல்லையைக் கோடு போட்டு ஒரு நகரத்தின் குடிநீரைப் பிரிக்க முடியாது, குடிநீருக்கே முதலிடம், பாதி நிலத்தடி நீர் என்ற அனுமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் கருதியது. குடிநீர்ச் செலவு நீரை 6.5 டி.எம்.சி. என்று மறுகணக்குப் போட்டு, முன்பே கொடுத்த 1.75-ஐக் கழித்து, 4.75-ஐக் கூடுதலாகக் கொடுத்தது.

இன்னொரு 10 டி.எம்.சி.யும் கர்நாடகத்துக்குப் போனது. அதன் காரணத்தை டெல்டா உழவர்கள் பலர் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டின் டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யை நம் கையிருப்பாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதாவது உங்கள் போர்வெல் தண்ணீரும் கணக்கில் ஏறிவிட்டது. அங்கே நகரத்தின் நிலத்தடி நீர் கணக்கிலிருந்து இறங்கியது, இங்கே வயலின் நிலத்தடி நீர் கணக்கில் ஏறியது. இது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவு விவரங்களோடு வந்தவர்களின் வாதம் எடுபடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சேர்ந்து 14.75. தமிழ்நாட்டின் பங்கு 404.25, கர்நாடகத்தின் பங்கு 284.75, பிலிகுண்டுலு அளவு 177.25 என்று ஆனது.

எந்த மாதத்தில் இழந்தோம்?

ஆண்டுக் கணக்கை விட மாதக் கணக்குதான் பயிர் வைப்பவருக்கு முக்கியம். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. என்பது மாறவில்லை. குறைத்தது முழுக்க ஜூன் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில்தான். ஜூன் 10 ஆக இருந்தது 9.19 ஆயிற்று. ஜூலை 34-லிருந்து 31.24. ஆகஸ்ட் 50-லிருந்து 45.95. செப்டம்பர் 40-லிருந்து 36.76. அக்டோபர் 22-லிருந்து 20.22, நவம்பர் 15-லிருந்து 13.78, டிசம்பர் 8-லிருந்து 7.35, ஜனவரி 3-லிருந்து 2.76.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதக் குறைவை மட்டும் கூட்டுங்கள். 10.05 டி.எம்.சி. மொத்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு. குறுவை கதிர் விடும் காலமும் சம்பா நாற்றங்கால் போடும் காலமும் அதுதான். ஆகஸ்டில் மட்டும் சராசரியாக வினாடிக்கு சுமார் 1,500 கனஅடி குறைகிறது. இது நல்ல மழை ஆண்டின் கணக்கு. பற்றாக்குறை ஆண்டில் எல்லோருக்கும் விகிதப்படி குறைப்பார்கள்.

இதனால்தான் நாங்கள் குறுவைக்கு 110 நாளுக்கு உட்பட்ட ரகங்களையும், சம்பாவில் வாய்ப்புள்ள இடங்களில் நேரடி விதைப்பையும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மாத அளவு குறைந்தது தற்காலிகமல்ல, தீர்ப்பின் பகுதி.

திரும்பி வரும் தண்ணீர் எங்கே திரும்புகிறது?

80 சதவீதம் ஆற்றுக்குத் திரும்பும் என்றார்களே, அதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம். பெங்களூருவின் மேற்குப் பகுதிச் சாக்கடை விருஷபாவதி ஆற்றில் விழுந்து, அர்க்காவதியில் கலந்து, காவிரிக்கு வருகிறது. அதன் தரம் வேறு விஷயம், அளவாவது வருகிறது. கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பெங்களூருவின் கழிவுநீர் இருக்கிறது. அந்த நகரத்துக் குழாயில் ஓடுவதில் பெரும்பகுதி காவிரியிலிருந்து ஏற்றியது. அதாவது காவிரியில் எடுத்தது தென்பெண்ணையில் திரும்புகிறது.

போதாததற்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் நாளொன்றுக்கு 440 எம்.எல்.டி. வரை சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வறண்ட கோலாருக்கு அது நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது காவிரிக்குத் திரும்பும் தண்ணீர் அல்ல. படுகையை விட்டு வெளியே போன தண்ணீரில் 20 சதவீதம்தான் செலவு என்று எழுதுவது சரியான கணக்கு ஆகாது. முழுவதுமே செலவுதான்.

நியாயத்துக்கு நம் வீட்டையும் பார்க்க வேண்டும். வீராணத்திலிருந்து சென்னைக்குப் போவது 180 எம்.எல்.டி., ஆண்டுக்கு சுமார் 2.3 டி.எம்.சி. சென்னையின் சாக்கடை ஒரு சொட்டும் கொள்ளிடத்துக்குத் திரும்பாது. அதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இந்தத் "திரும்பும் நீர்" விஷயத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் கறாராக இருக்கிறது. அங்கே தண்ணீர் உரிமை முதலில் பயன்படுத்தியவருக்கு முதலில் என்ற வரிசையில் இருக்கிறது. உரிமையை விற்கலாம், வாங்கலாம். நகரங்கள் பண்ணைகளின் உரிமையை விலைக்கு வாங்குகின்றன. 1891-லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்துவிட்டது. ஆனால் வாங்கிவிட்டால் மட்டும் போதாது, தண்ணீர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மற்ற உரிமைதாரர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பல ஆண்டு மதகுப் பதிவுகள், வான்படங்கள், பயிர் விவரங்களை வைத்து அந்த நிலத்துப் பயிர் உண்மையில் எவ்வளவு குடித்தது என்று கணக்கிடுவார்கள். நகரத்துக்குப் போவது அந்த அளவு மட்டும்தான். முன்பு வடிந்து ஆற்றுக்குப் போன பகுதி, முன்பு போன அதே காலத்தில், அதே இடத்தில் தொடர்ந்து போக வேண்டும். கீழே இருக்கும் ஒருவருக்கும் பாதிப்பு வரக்கூடாது.

அத்தனை கறாராக இருந்தும், கொலராடோவின் க்ரவ்லி மாவட்டத்தில் 1970-களிலும் 80-களிலும் உழவர்கள் நகரங்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டு, சுமார் 50 ஆயிரம் ஏக்கர் பாசன நிலத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. விற்றவருக்குப் பணம் வந்தது. விற்காதவருக்கும், உரக்கடைக்கும், கூலி ஆட்களுக்கும் எதுவும் வரவில்லை. ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பும் நீரை இடமும் காலமும் குறித்து அளக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி யார் மாற்றலாம்?

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்குப் பங்கை மாற்றும் அதிகாரம் கிடையாது. 2018 ஜூன் 1-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் தீர்ப்பை நடைமுறைப்படுத்தத்தான். இவ்வளவு விடு என்று சொல்லலாம், கண்காணிக்கலாம், பற்றாக்குறையைப் பகிரலாம். 4.75-ஐ 6 ஆக்கவோ 3 ஆக்கவோ முடியாது.

மாநிலங்கள் தங்களுக்குள் உடன்பாடு கண்டால் மாற்றலாம். நடைமுறையில் அது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். மற்றபடி உச்ச நீதிமன்றம்தான். 2018 தீர்ப்பு 15 ஆண்டுகளுக்கு என்று சொல்லப்பட்டது, கணக்குப்படி 2033 வரை. அப்போது பெங்களூருவின் மக்கள் தொகை மீண்டும் மேசைக்கு வரும். மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முன்வைத்திருக்கும் திட்டமும் இந்த 4.75 டி.எம்.சி. குடிநீரைத்தான் முதல் காரணமாகக் காட்டுகிறது.

அப்போது நம் பக்கம் என்ன ஆவணம் இருக்கும்? டெல்டாவின் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிட்டது என்று மேடையில் பேசுவது ஆவணம் ஆகாது. ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக எழுதிய கிணற்று மட்டமும், உப்புத்தன்மைப் பரிசோதனை முடிவும்தான் ஆவணம்.

உங்கள் ஊரில் செய்ய வேண்டியது

உங்கள் பாசனச் சங்கத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் வந்த தேதி, கடைமடைக்கு எட்டிய தேதி, நின்ற தேதி, முறை வைத்த நாட்கள். ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழை முடிந்த பின்னும், அதே கிணறுகளின் தண்ணீரை மண்–நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துத்திறன் அளவை வாங்கி அதிலேயே ஒட்டுங்கள். சாகுபடிப் பரப்பு அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒவ்வொரு பருவமும் பாருங்கள். பயிர் வைத்தும் அடங்கலில் ஏறாவிட்டால், கணக்குப் பார்ப்பவருக்கு அந்த நிலம் தரிசுதான்.

வாய்க்கால் அளவை நீங்களே எடுக்கலாம். நேராக, ஒரே அகலமாக ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை நடுவில் மிதக்க விட்டு, எத்தனை வினாடியில் கடக்கிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 30 செ.மீ., 20 வினாடியில் கடந்தது என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு அரை மீட்டர். 1 × 0.3 × 0.5 என்பது 0.15. மேல்மட்டத் தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். விடை 0.1275 கனமீட்டர், அதாவது வினாடிக்கு 127 லிட்டர், 4.5 கனஅடி.

ஒரு நகராட்சி உங்கள் ஊர் ஆற்றுப்படுகையில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 10 எம்.எல்.டி. கேட்கிறது என்றால் அது 4.1 கனஅடி. மேலே அளந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுதும். அதுவும் நாள் முழுக்க இறைத்தால்தான் 4.1. பதினாறு மணி நேரத்தில் இறைத்து முடித்தால் அந்த நேரத்தில் 6 கனஅடிக்கு மேல் போகும். பக்கத்துக் கிணறுகளின் மட்டம் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

இப்படி ஒரு திட்டம் வந்தால் "வேண்டாம்" என்று மறியலில் உட்காருவதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்து நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். நீர்வளத் துறை எந்த ஆணையில், எத்தனை எம்.எல்.டி. அனுமதித்தது? ஆற்றில் எந்த அளவுக்குக் கீழே தண்ணீர் போனால் இறைப்பை நிறுத்த அல்லது குறைக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? இறைக்கும் இடத்தில் நீரளவு மானி இருக்கிறதா, அதன் பதிவு எங்கே கிடைக்கும்? அந்த நகரத்தின் கழிவுநீர் சுத்திகரித்து எந்த ஆற்றில், எந்த இடத்தில் விடப்படுகிறது? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

பதில் கைக்கு வந்ததும், திட்டம் தொடங்கும் முன்பே உங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரு வருடமாவது அளந்து வைத்திருங்கள். இறைப்பு தொடங்கிய பிறகு எடுக்கும் அளவுக்கு ஒப்பிட எதுவும் இல்லாமல் போய்விடும். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் சங்கத் தலைவரோடு இன்னொருவரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் முறையில் சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேளுங்கள், செய்து காட்டுவார்கள்.